மஹியாவின் வில்லில் விழுந்த கீறல்

ஏயாசி ஏரிக்கு மேலே இருக்கும் பாறைக்குன்றில், ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு மஹியா தன் வில்லையே பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் வில். கையில் கத்தி. உச்சி வெயிலிலும் அவன் உடம்பு குளிர்ந்துபோயிருந்தது.

செய்யப்போவது திருட்டு இல்லை. தன் வில்லைத் தானே செதுக்கப் போகிறான், அவ்வளவுதான். ஆனாலும் நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஐந்து மாதங்களுக்கு முன்னால் தேன்காட்டிக் குருவி ஒன்று அவனை ஓர் ஆனைப்புளிய மரத்துக்கு அழைத்துப் போனது. மரத்தில் முளைகளை அடித்து அடித்து மேலே ஏறினான். தேன்கூட்டுக்குக் கை எட்டும் நேரத்தில் காலடியில் இருந்த முளை முறிந்தது. விழுந்த வேகத்தில் வலது தோள் பாறையில் மோதியது. கூட இருந்தவர்கள் பதறி ஓடிவந்தபோது, "ஒண்ணும் இல்ல, சும்மா சிராய்ப்பு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவனுக்கு வினையாக முடிந்தது. வீக்கம் வடிந்தது. வலியும் பாதி போனது. ஆனால் நாணைக் காதுவரைக்கும் இழுக்கும் பலம் மட்டும் திரும்பி வரவே இல்லை. நெஞ்சு வரைக்கும் இழுப்பான். அதற்கு மேல் தோளுக்குள் யாரோ தீக்கொள்ளியைச் செருகியது போல் இருக்கும்.

மஹியாவின் வில்லை மஹியாவால்தான் இழுக்க முடியும் என்று ஒரு காலத்தில் குன்றுக்குக் குன்று பேச்சு இருந்தது. வேறு முகாம்களிலிருந்து வரும் ஆண்கள், வந்ததும் வராததுமாக அந்த வில்லை எடுத்து இழுத்துப் பார்ப்பார்கள். பல்லைக் கடிப்பார்கள், முக்குவார்கள், பிறகு சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிடுவார்கள். மஹியாவின் உயரத்தைவிட ஒரு முழம் நீளமான வில் அது. தண்டு முழுவதும் ஒன்பது தோல் வளையங்கள். ஒவ்வொன்றும் அவன் வீழ்த்திய ஒரு பெரிய மிருகத்தின் தோல். வரிக்குதிரை, குடு மான், கிழட்டு ஆண் பபூன் குரங்கு... மகள் பிறந்த வாரம் அடித்த வரிக்குதிரையின் வளையம் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த மகளுக்கே இப்போது கல்யாணமாகி, அடுத்த குன்றில் இருக்கிறாள்.

இன்றைக்கு விடிந்ததும் விடியாததுமாக மாமியார் தவுசி ஆரம்பித்துவிட்டாள். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த மருமகனைப் பார்க்காமல், மகளிடம்தான் கேட்டாள்.

"அபேயா, உன் குடிசையில ஒரு வில்லு கெடக்கே, அது என்ன பழக்கூடை மாட்டுறதுக்கா?"

"காத்து சரியில்லன்னு சொல்லு," என்றான் மஹியா மனைவியிடம்.

"அஞ்சு மாசமாவா காத்து சரியில்ல? ஷகாபாவுக்கு மட்டும் எந்த ஊர்க் காத்து அடிக்குதாம்? கேளு."

அபேயா குனிந்து கிழங்கின் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஷகாபா மனைவியை இழந்தவன். இரண்டு மாதங்களுக்கு முன் தெற்கு முகாமிலிருந்து வந்தான். வந்ததிலிருந்து மூன்று இம்பாலா மான் அடித்துவிட்டான், மூன்றாவதை நேற்றுதான். ஒவ்வொரு முறையும் நல்ல தொடைக்கறி தவுசியின் அடுப்புக்கே போனது. கறியோடு அவனும் அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

நாளை மறுநாள் விடியலில் முகாம் பெயர்கிறது. பள்ளத்தாக்கில் பழம் பழுத்துவிட்டது. புது இடத்தில் பெண்கள்தான் குடிசை கட்டுவார்கள். ஒருத்தி தனக்கென்று குடிசை கட்டாமல் தன் அம்மாவின் குடிசையில் போய்ப் படுத்துவிட்டால், அந்தக் கல்யாணம் முடிந்தது. பஞ்சாயத்து இல்லை, சண்டை இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே ராத்திரியில் போய்விடும்.

"அவன விட்டுட்டு என்கூட வந்து படு," என்று தவுசி மகளிடம் சொன்னது மஹியாவின் காதில் விழுந்திருந்தது. அபேயா அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

வில்லைச் செதுக்கி மெலிதாக்கினால் இழுவை குறையும். இழுவை குறைந்தால் இந்தத் தோளை வைத்தே ஏதாவது அடிக்கலாம். நாளை மறுநாளுக்குள் ஒரு மானாவது வேண்டும்.

கத்தியை வைத்தான். வைத்த இடத்தில் வளையம் குறுக்கே நின்றது.

முறையாகச் செதுக்குவது என்றால் வளையங்களைக் கழற்றிவிட்டு, நுனியிலிருந்து நுனிவரை ஒரே சீராகச் சீவ வேண்டும். அது அவனுக்குத் தெரியாததா? ஆனால் வளையம் இல்லாத வில்லோடு முகாமுக்குள் போக முடியுமா? "எங்கய்யா வளையம்?" என்று முதல் ஆளே கேட்பான். வில்லை வாங்கி இழுத்துப் பார்ப்பான். எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

வளையங்களைத் தொடாமல், அவற்றுக்கு நடுவில் மட்டும் சீவினான் மஹியா. சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. நாண் பூட்டி இழுத்தான். வந்தது! நெஞ்சைத் தாண்டித் தாடைவரை வந்தது. கண் கலங்கிவிட்டது அவனுக்கு. இரண்டாம் முறை இழுத்தான். மூன்றாம் முறை இழுத்தபோது, உலர்ந்த காய் வெடிப்பது போல் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

வில்லைத் திருப்பிப் பார்த்தான். வளையத்துக்கு அடியில் மரம் தடிமன். வளையத்தை ஒட்டிச் சீவிய இடம் மெலிசு. வளைவு முழுவதும் அந்த ஒரே இடத்தில் வந்து குவிந்துவிட்டது. நாலாவது வளையத்துக்குக் கீழே, முடியிழை போல ஒரு கீறல், விரல் நீளத்துக்கு.

"போச்சு," என்றான் மஹியா. யாரும் கேட்கவில்லை.

முகாமுக்குத் திரும்பியதும் வில்லைப் படுக்கைத் தோலுக்கு அடியில் மறைத்தான். சாயங்காலம் மச்சினன் சிந்திகோ ஷகாபாவோடு வந்து நின்றான்.

"மச்சான், கெளம்பு! ஊத்துப் பக்கம் குடு மான் தடம். புதுத் தடம். எங்க உன் வில்லு?" சொல்லிக்கொண்டே குடிசைக்குள் தலையை நுழைத்தான்.

அந்த நேரம் பார்த்து அபேயா உள்ளே போய் அந்தப் படுக்கைத் தோலின் மேலேயே சப்பென்று உட்கார்ந்தாள்.

"எழுந்திரு அக்கா, வில்லு எடுக்கணும்."

"கொழுப்பு தடவிப் போட்டிருக்கு. தொட்டா கை வழுக்கும். அந்தாண்ட போ, எனக்கு இடுப்பு வலி."

ஷகாபா வெளியில் நின்று சிரித்தான். "அஞ்சு மாசமாக் கொழுப்பு தடவினா வில்லு மானை அடிக்காது மஹியா. மானு வந்து வில்லை நக்கும்!"

சிந்திகோ விழுந்து விழுந்து சிரித்தான். மஹியாவும் சிரித்தான். சிரித்து முடிப்பதற்குள் முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. இருவரும் தடம் பார்க்கப் போனார்கள்.

"எடு," என்றாள் அபேயா.

எடுத்துக் கொடுத்தான். அவள் விரல் தண்டின் மேல் மெதுவாக நகர்ந்துபோய், கீறலில் நின்றது.

"எப்போ?"

"மத்தியானம்."

"ஏன் வளையத்துக்கு நடுவுல மட்டும் சீவியிருக்க? நாணல் தட்டை மாதிரி கணு கணுவா நிக்குது."

"கழட்டினா கேப்பாங்க."

"கேக்கட்டுமே!"

"கேட்டா என்னன்னு சொல்லுவேன்? தோளு போச்சுன்னா? உங்க அம்மா அன்னிக்கே உன்னக் கூட்டிட்டுப் போயிடுவா."

அபேயா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சு மாசமா நீ இடது கையால தண்ணி மொண்டு குடிக்கிறதப் பாக்காதவளா நான்? தூக்கத்துல புரளும்போது நீ முனகுறது எனக்குக் கேக்காதா? கறி இல்லன்னா நான் செத்தா போயிட்டேன்? கிழங்கு தோண்டிப் போடலையா? நீயும்தானே தின்னே? ஊருக்கு ஆயிரம் சொல்லு. என்கிட்ட, என் மூஞ்சியப் பாத்து, காத்து சரியில்லன்னு சொன்னியே. ஒரு நாளா ரெண்டு நாளா? அதுதான்யா எனக்குத் தாங்கல."

மஹியா தலையைத் தொங்கப்போட்டான்.

"நீ உங்க அம்மாகூடப் போயிடுவியா?"

"முதல்ல அந்த வளையத்தக் கழட்டு," என்றாள்.

"அபேயா... அது எல்லாம் என் பேரு."

"உன் பேரச் சுட்டுத் திங்க முடியுமா? கழட்டு."

கத்தியை முதல் வளையத்துக்கு அடியில் விட்டான். வருஷக்கணக்கில் காய்ந்து இறுகியிருந்த தோல் நறுக்கென்று அறுந்தது. இரண்டு. மூன்று. கைப்பிடிக்குப் பக்கத்து வரிக்குதிரை வளையத்துக்கு வந்தபோது கத்தி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அறுத்தான். ஒன்பது வளையங்களும் மண்ணில் கிடந்தன. வளையம் இருந்த இடமெல்லாம் வெயில் படாத மரம், பச்சைக் குழந்தையின் உள்ளங்கை போல வெளுத்துத் தெரிந்தது.

மறுநாள் காலையில், எல்லோரும் பார்க்க, குடிசை வாசலிலேயே உட்கார்ந்து சீவினான். கீறல் விழுந்த பக்கத்தைத் தொடவில்லை. மற்ற இடத்தையெல்லாம் அந்த இடத்தின் அளவுக்குக் குறைத்துக்கொண்டே வந்தான். ஆனால் கீறல் அடங்க வேண்டுமானால் பச்சைத் தோல் வேண்டும். மானின் முன்னங்கால் தோலைக் கிழிக்காமல், பாம்புச் சட்டை போலக் குழலாக உரித்து, ஈரத்தோடு தண்டில் ஏற்ற வேண்டும். காயக் காய அது இரும்புப் பிடியாக இறுகும்.

முகாமில் பச்சைத் தோல் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஷகாபா முந்தாநாள் அடித்த இம்பாலாவின் தோல். அது தவுசியின் குடிசை நிழலில் கிடந்தது.

"நான் போய்க் கேக்கட்டுமா?" என்றாள் அபேயா. பிறகு அவளே தலையாட்டினாள். "வேண்டாம். நீ கேளு."

அந்த மக்களிடம் கேட்டால் கொடுத்தாக வேண்டும். மறுத்தவனை யாரும் மனிதனாக மதிப்பதில்லை. கேட்பதில் யாருக்கும் வெட்கமும் இல்லை. எதற்கு என்று சொல்வதில்தான் மஹியாவுக்கு உயிர் போனது. இருபது அடி தூரம் நடப்பதற்குள் நாலு முறை திரும்பிவிடலாமா என்று நினைத்தான்.

ஆண்கள் அம்பு நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். சிந்திகோதான் முதலில் பார்த்தான். "ஐயோ, மச்சான் வில்லுக்கு மொட்டை போட்டுட்டாரு!" என்று கத்திக்கொண்டே வில்லைப் பிடுங்கினான். கம்பை முழங்காலில் கொடுத்து வளைத்தான். அது சுலபமாக வளைந்தது. "இது என்ன மச்சான், பொம்பளைங்க பழம் உலுக்குற கம்பா?"

சிரிப்பு வெடித்தது. மஹியா காத்திருந்தான். சிரிப்பு தானாக ஓய்ந்தது.

"வளைக்காத. கீறல் இருக்கு," என்றான். "மரத்துலேர்ந்து விழுந்தேனே, அன்னிக்கே என் தோளு போச்சு. அஞ்சு மாசமா நான் ஒரு அம்பு கூட விடல. காட்டுக்குள்ள போய் நிழல்ல படுத்துக் கெடந்துட்டு வந்தேன். காத்து சரியில்லன்னு சொன்னது எல்லாம் பொய்." ஷகாபாவின் பக்கம் திரும்பினான். "உன் இம்பாலாவோட முன்னங்கால் தோலு எனக்கு வேணும்."

ஷகாபா ஒரு நொடி அபேயா இருந்த பக்கம் பார்த்தான். பிறகு எழுந்துபோய்க் கால் தோலைக் கொண்டுவந்து மஹியாவின் கையில் போட்டான்.

"ரெண்டு காலும் எடுத்துக்க. நீ அடிக்கிற வரைக்கும் இந்த அடுப்புக்கு நான்தான் கறி போடணும்போல. போட்டுட்டாப் போச்சு." அதில் கேலி எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று மஹியாவால் பிரிக்க முடியவில்லை.

தவுசி குடிசைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "அபேயா! கேளு. விழுந்த அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க என்ன அவனத் தின்னுடுவோமா? வெக்கங்கெட்டவன். சொல்லு அவன்கிட்ட, நாளைக்கு விடியும்போது கெளம்புறோம். தோலு காயற வரைக்கும் பழம் காத்திருக்காது. பபூன் தின்னுட்டுப் போயிடும்."

ஈரத்தோலைத் தண்டில் ஏற்றி, கீறலின் மேல் இழுத்து நிறுத்தி, தசைநாரால் இரு முனையும் கட்டினான். வில்லை வளையாமல் ஒரு நேர்மரத்தோடு சேர்த்து, நிழலில் கட்டிவைத்தான். இரண்டு நாள் அசைக்கக் கூடாது. தோளில் போட்டு நடந்தால் கீறல் வாயைத் திறந்துவிடும்.

அவன் பின்தங்கித்தான் ஆக வேண்டும்.

விடியலில் எல்லோரும் கிளம்பினார்கள். அபேயா படுக்கைத் தோலைச் சுருட்டினாள், பானையை எடுத்தாள், கிழங்குக் கம்பை எடுத்தாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். மஹியாவுக்கு என்று கொஞ்சம் சுட்ட கிழங்கை மட்டும் வைத்துவிட்டு, "எத்தன நாள்?" என்றாள்.

"ரெண்டு."

தலையாட்டிவிட்டு நடந்தாள். எங்கே படுப்பாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே! வரிசை பாறைக்குப் பின்னால் மறைந்தது. வரிசையின் கடைசியில் ஷகாபா போனான், ஏதோ பாடிக்கொண்டு.

அந்த இரண்டு நாளும் மஹியா தின்றதும் இல்லை, தூங்கியதும் இல்லை. பத்து முறை எழுந்துபோய்த் தோலைத் தொட்டுப் பார்த்தான். ஈரம். காலியான குடிசைகளைப் பார்த்தான். ஈ மொய்த்த சாம்பலைப் பார்த்தான். இப்போது புது இடம் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இப்போது கிளை ஒடிப்பார்கள். இப்போது புல் அறுப்பார்கள். அவள் அறுப்பாளா? அறுத்தால் யாருடைய குடிசைக்கு?

மூன்றாம் நாள் காலையில் தோல் கல்லாக இறுகியிருந்தது. நாண் பூட்டினான். இழுத்தான். மரம் முனகியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு தாடைவரை இழுத்தான். வெடிக்கவில்லை.

நடந்தான். ஓடவில்லை என்றுதான் பெயர். பாதி வழியில், ஒரு வறண்ட ஓடையின் புதரடியில், முயலைவிடக் கொஞ்சம் பெரிய குள்ளமான் ஒன்று காதை ஆட்டிக்கொண்டு நின்றது. பழைய மஹியாவாக இருந்தால் நின்ற இடத்திலிருந்தே அடித்திருப்பான். இந்த வில்லுக்கு அந்தத் தூரம் ஆகாது. மண்ணோடு மண்ணாகப் படுத்து, முழங்கையால் ஊர்ந்தான். தோள் கதறியது. பத்தடிக்கு வந்ததும் எழுந்து விட்ட முதல் அம்பு மானின் முதுகுக்கு மேலே பறந்துபோய்க் கல்லில் மோதி முறிந்தது. மான் துள்ளியது, ஆனால் ஓடாமல் புதரைச் சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்து திகைத்து நின்றது. இரண்டாவது அம்பு பாய்ந்தது.

பொழுது சாயும் நேரத்தில் புது முகாம் தெரிந்தது. மஹியா தூரத்திலேயே நின்று எண்ணினான். தவுசியின் குடிசை. சிந்திகோவின் குடிசை. இன்னும் மூன்று. ஒவ்வொன்றின் வாசலிலும் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தான். மறுபடியும் எண்ணினான்.

அபேயாவுக்கு ஒரு குடிசை இல்லை.

தவுசியின் குடிசைக்கு வெளியே அவளுடைய பானை இருந்தது. பக்கத்திலேயே ஷகாபா உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தான். அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. எங்கே போவது?

"வந்துட்டாருப்பா மொட்டை வில்லு!" என்று சிந்திகோ கத்திவிட்டான். எல்லோரும் திரும்பினார்கள். புல்கட்டைச் சுமந்துகொண்டு புதருக்குப் பின்னாலிருந்து அபேயா வந்தாள். கட்டைப் போட்டாள். அவன் தோளில் தொங்கிய குள்ளமானைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தன அடி தூரத்துலேர்ந்து அடிச்ச?"

முகாமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. முப்பது என்று நாக்கு நுனிக்கு வந்தது. யார் போய் அளக்கப் போகிறார்கள்?

"பத்து," என்றான் மஹியா. "புழு மாதிரி ஊர்ந்து போனேன். முதல் அம்பு தப்பிப்போய் முறிஞ்சுடுச்சு. இந்த மானு மடத்தனமா திரும்பி வந்து நிக்காம இருந்திருந்தா, வெறுங்கையோடதான் வந்திருப்பேன்."

சிந்திகோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பத்து அடியா! அதுக்கு எதுக்கு மச்சான் வில்லு? கையாலயே காதப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்கலாமே!" தவுசிகூடக் குடிசைக்குள் களுக்கென்று சிரித்துவிட்டாள். ஷகாபா மட்டும் சிரிக்கவில்லை. பழத்தின் கொட்டையைத் துப்பிவிட்டு, அபேயாவைப் பார்த்தான்.

அபேயா அங்கே பார்க்கவில்லை.

"நீ இன்னும் குடிசை கட்டலையே," என்றான் மஹியா. "உங்க அம்மா குடிசையிலயா..."

"அந்த மரத்தடியில படுத்தேன். ரெண்டு ராத்திரி. அம்மா ரெண்டு ராத்திரியும் திட்டிக்கிட்டே கெடந்தா. கொசு வேற." முந்தானைத் தோலால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ வந்து மறுபடியும் காத்து, மழைன்னு கதை சொன்னா, நேரா அம்மாகிட்டப் போயிடலாம்னு இருந்தேன்."

மஹியாவின் கண்ணீர் தாடியில் இறங்கியது. துடைக்க வலது கையைத் தூக்கப் பார்த்தான். தோள் விடவில்லை.

"வலிக்குதா?"

"ஆமா. ரொம்ப வலிக்குது."

"சரி. மானைச் சிந்திகோகிட்டக் குடு, அவன் உரிக்கட்டும்," என்றாள் அபேயா, மரத்தடியில் குவித்திருந்த கிளைகளில் நீளமான இரண்டை இழுத்துக்கொண்டு. "இருட்டுறதுக்குள்ள நாலு குழியாவது வேணும். நீ இடது கையால தோண்டு, நான் நடுறேன்."